அவர் சொல்லாத வாக்கியம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன வாரம் என் அக்கா மகனோடு ஒரு வாக்குவாதம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விலைவாசியும் வேலையும்தான் ஓட்டைத் தீர்மானிக்கும் என்பது அவன் கட்சி. கேலியும் கிண்டலும் ஒரு ஆளையே கவிழ்த்துவிடும் என்று நான் சொன்னேன். 2008 அமெரிக்கத் தேர்தலை உதாரணம் காட்டினேன். “என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது” என்று குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர் சாரா பேலின் உளறினார், ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி அதைப் பிடித்துக்கொண்டது, அதோடு அந்தக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மெக்கெயின் கதை முடிந்தது என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் அந்தச் சமயத்தில் அங்கே வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்வது சரி? கையிலிருக்கும் பணமே போய்க்கொண்டிருக்கும்போதும் ஜனங்கள் சிரிப்புக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்களா?

எஸ்.,
திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மருமகன் சொல்வதுதான் சரி.

முதலில் அந்த வாக்கியம். அதை சாரா பேலின் சொல்லவில்லை. ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் சொன்னது, அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைக் கண்ணால் பார்க்க முடியும் என்று. அது உண்மைதான். பெரிங் நீரிணையில் அமெரிக்காவுக்கு ஒரு தீவு, ரஷ்யாவுக்கு ஒரு தீவு. இரண்டுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர்தான். பேட்டி ஒளிபரப்பாகி இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று, ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் டினா ஃபே என்ற நடிகை பேலினைப் போலவே கொண்டை போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, “என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது” என்றார். இன்றைக்கும் பாதிப் பேர் அதை பேலினின் வாக்கியமாகத்தான் நினைக்கிறார்கள். அவருடைய அரசியலில் எனக்கு ஒரு துளிகூட உடன்பாடு கிடையாது. ஆனால் ஒருவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவது அநியாயம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். செப்டம்பர் முதல் வாரம் குடியரசுக் கட்சி மாநாடு முடிந்தபோது, காலப் கருத்துக்கணிப்பில் மெக்கெயின் முன்னால் இருந்தார். பேலின் வந்த வேகத்தில் கூட்டமும் அலைமோதியது. அப்புறம் செப்டம்பர் 15, திங்கட்கிழமை. 1850இல் தொடங்கிய லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி, 61,300 கோடி டாலர் கடனோடு மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அதே நாளில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் கூட்டத்தில் மெக்கெயின், நம் பொருளாதாரத்தின் அடித்தளம் வலுவாக இருக்கிறது என்று பேசினார். மறுநாள் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தைத் தாங்கிப் பிடிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்த மாதக் கடைசியில் ஒபாமா பிடித்த முன்னிலை கடைசிவரை கைமாறவே இல்லை. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில், பொருளாதாரம்தான் முக்கியப் பிரச்சினை என்று சொன்னவர்கள் 63 சதவீதம். உங்கள் மருமகனுக்கு இதுவே போதும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது டினா ஃபே இல்லை. எங்கள் வீட்டுக்காரம்மா.

நான் அப்போது நியூஜெர்சியில், ஜெர்சி சிட்டியில், ஒரு பழைய மரவீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரம்மா. ஈக்வடாரிலிருந்து வந்து குடியுரிமை வாங்கியவர். ராத்திரியில் ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டன் போய் அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்குவார். 2006இல் அந்த வீட்டைக் கடனில் வாங்கியிருந்தார். முதல் இரண்டு வருஷம் வட்டி குறைவு. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வட்டி மாறும். விற்க வந்தவன் முதல் இரண்டு வருஷத்தைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறான்.

2008 கோடையில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு கடிதத்தோடு மாடி ஏறி வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். சமையலறை மேஜையில் விரித்து வைத்தார். தனக்குப் புரியாத வரிகளின் மேல் எல்லாம் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருந்தார். பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தது. தவணை எவ்வளவு ஏறுகிறது என்று படித்துச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரும்பவும் ஒரு தடவை படிக்கச் சொன்னார். கடிதத்தின் தலைப்பில் இருந்த நிறுவனத்தின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கடன் கொடுத்த இடம் அதை எப்போதோ வேறொருவருக்கு விற்றுவிட்டது. வாங்கியவர்கள் அதுபோல ஆயிரக்கணக்கான கடன்களோடு சேர்த்துக் கட்டி, பத்திரமாக்கி, மேலும் பலருக்கு விற்றுவிட்டார்கள். நம்மூரில் அடகுக் கடைக்காரனிடம் நேரில் போய் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சலாம். இந்த அம்மாவுக்குக் கெஞ்சுவதற்குக்கூட ஒரு முகம் இல்லை. தொலைபேசியில் அழைத்தால் எண்ணை அழுத்து, எண்ணை அழுத்து என்று ஒரு இயந்திரக் குரல். நான் அவருக்காக நாற்பது நிமிஷம் காத்திருந்தும் ஆள் கிடைக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு வாருங்கள். கருவூலச் செயலர், அதாவது அங்கத்து நிதியமைச்சர், ஹென்றி பால்சன், வங்கிகளின் வாராக்கடன் பத்திரங்களை வாங்கிக்கொள்ள 70,000 கோடி டாலர் கேட்டார். 700 பில்லியன். அவர் அனுப்பிய முதல் வரைவு மூன்றே பக்கம். அதன் எட்டாவது பிரிவு, கருவூலச் செயலரின் முடிவுகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்றது. பிறகு அதை மாற்றினார்கள். ஆனால் கேட்டார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

அதே வாரம் சிபிஎஸ் தொலைக்காட்சியில் கேட்டி கூரிக், பேலினைப் பேட்டி எடுத்தார். அவர் கேட்ட ஒரு கேள்வியின் சாரம் இது: இந்தக் குழப்பத்தில் பங்குள்ள பெரிய நிதி நிறுவனங்களுக்குக் கொடுப்பதை விட, மருத்துவச் செலவுக்கும் வீட்டுக்கும் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் திண்டாடும் நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்த 700 பில்லியனைச் செலவழித்தால் என்ன? பேலின் தடுமாறினார். மருத்துவச் சீர்திருத்தம், வேலைவாய்ப்பு, வரிக்குறைப்பு, வர்த்தகம் என்று கைக்கு வந்ததையெல்லாம் கோத்தார். தொடங்கிய வாக்கியம் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அந்தச் சனிக்கிழமை, செப்டம்பர் 27, டினா ஃபே அந்தப் பதிலைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிச் சொன்னார். அதிகம் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. நாடே சிரித்தது. எங்கள் அறையில் நாலு தமிழர்கள் சேர்ந்து பார்த்தோம். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தக் கேள்வி என்ன ஆயிற்று? இதுதான் பதினைந்து வருஷத்துக்கு மேலாக எனக்கு நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அந்த இரண்டு மாதப் பிரசாரத்தில் நான் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி அது. பதில் சொன்னவர் உளறியதால் பதிலைப் பார்த்துச் சிரித்தோம். தெளிவாகப் பேசத் தெரிந்தவர்களிடம் அதே கேள்வியைக் கொண்டுபோய் அதே பிடிவாதத்தோடு யாரும் கேட்கவில்லை. பால்சனுக்குப் பேசத் தெரியும். மத்திய வங்கித் தலைவர் பெர்னாங்கிக்குப் பேசத் தெரியும். ஒபாமாவுக்கு எவ்வளவு அழகாகப் பேசத் தெரியும் என்று உலகத்துக்கே தெரியும். அக்டோபர் 1 அன்று மேலவையான செனட்டில் அந்த 700 பில்லியன் மசோதா 74க்கு 25 என்று நிறைவேறியபோது, மெக்கெயின், ஒபாமா இருவருமே ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டார்கள். தேர்தலில் எதிரும் புதிருமாக நின்றவர்கள், அந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம்.

இதனால் ஜனங்கள் வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. செனட் வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 29, திங்கட்கிழமை மதியம், நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கேன்டீனில் ஐம்பது பேராவது நின்றுகொண்டிருந்தோம். தொலைக்காட்சித் திரையின் ஒரு பக்கம் பிரதிநிதிகள் சபையின் வாக்கு எண்ணிக்கை. இன்னொரு பக்கம் பங்குச்சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண். எதிர்ப்பு ஓட்டு ஏற ஏறக் குறியீட்டெண் இறங்கிக்கொண்டே வந்தது. குறித்த நேரம் முடிந்த பிறகும், யாராவது மனம் மாறுவார்களா என்று வாக்கெடுப்பைத் திறந்தே வைத்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. காபி இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் 228க்கு 205 என்று மசோதா தோற்றது. அன்று சந்தை முடிந்தபோது டௌ 777 புள்ளிகளுக்கு மேல் விழுந்திருந்தது. ஒரே நாளில் அவ்வளவு புள்ளிகள் அதற்கு முன் விழுந்ததில்லை. ஓய்வுக்காலத்துக்கு 401கே கணக்கில் சேர்த்துவைத்த பணத்தை நினைத்து எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் தோற்றது? இரண்டு கட்சியிலும் உறுப்பினர்களுக்குத் தொகுதியிலிருந்து வந்த தொலைபேசியும் மின்னஞ்சலும்தான் பெரிய காரணம். சபையின் இணையதளமே அந்தச் சுமை தாங்காமல் திணறியது. சனிக்கிழமை ராத்திரி டினா ஃபேயைப் பார்த்துச் சிரித்த அதே ஜனங்கள்தான் உட்கார்ந்து எழுதினார்கள். பணம் போகிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நான்கே நாளில், சந்தை விழுந்த பயத்தில், 263க்கு 171 என்று அதே சபை அதை நிறைவேற்றியது என்பது வேறு விஷயம்.

நிறைவேறிய அன்று, அக்டோபர் 3, வீட்டுக்காரம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த 700 பில்லியனில் எனக்கு ஏதாவது உண்டா?” கேட்டி கூரிக்கின் பேட்டியை அவர் பார்த்திருக்கவில்லை. டினா ஃபே யாரென்றும் தெரியாது. அந்த நேரத்தில் அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் பதினேழாவது மாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார். அதே கேள்வியை அவர் தன்னிடமிருந்த கடிதத்திலிருந்து நேராக எடுத்துக் கேட்டார். இருக்கலாம், பார்ப்போம் என்றேன். பத்து நாளில் பால்சன் ஒன்பது பெரிய வங்கிகளின் தலைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களுடைய பங்குகளை வாங்க 12,500 கோடி டாலர் ஒதுக்கினார். வீட்டுக்கடனைத் திருத்திக் கொடுக்கும் திட்டம் 2009 மார்ச்சில்தான் வந்தது. முப்பது, நாற்பது லட்சம் குடும்பங்களுக்கு உதவுவதாகச் சொன்னார்கள். அந்த இலக்கை எட்டவே இல்லை. எங்கள் வீட்டுக்காரம்மா இரண்டு தரம் விண்ணப்பித்தார். இரண்டு தரமும் காகிதம் குறைகிறது என்று பதில் வந்தது.

நம்மூரைப் பற்றியும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். 2011 சட்டமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். வடிவேலு திமுகவுக்காக ஊர் ஊராகப் போய் விஜயகாந்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தக் கூட்டங்களில் நின்ற ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எல்லாத் தொலைக்காட்சியிலும் பார்த்தோம். வீட்டுக்குப் போனால் கரண்ட் இல்லை. திமுகவுக்குக் கிடைத்தது 23 இடம். விஜயகாந்த் கட்சிக்கு 29, அவரே எதிர்க்கட்சித் தலைவர். சிரித்தவர்களை நான் முட்டாள் என்று சொல்லவே மாட்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், ஓட்டுப் போட வேண்டிய இடத்தில் கரண்ட் கட்டை நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பிரசாரத்தில் அடிபட்ட வடிவேலுவுக்காக வருத்தப்படுகிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 4 அன்று காலை, இரவு வேலை முடிந்த கையோடு, தூங்காமல் வீட்டுக்காரம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நியூஜெர்சியில் வீட்டு ஜப்தி நீதிமன்றம் வழியாகத்தான் நடக்கும், அதனால் இழுத்துக்கொண்டே போய் 2010இல் வீடு ஏலத்துக்கு வந்தது. நானும் காலி செய்தேன். அவர் தங்கை வீட்டுக்குப் போகும்போது சமையலறைச் சாமான்களைக் கட்டிக் கொடுத்தேன். இழுப்பறையில் அந்த மஞ்சள் கடிதம் மடித்து வைத்தபடியே இருந்தது. வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்.

அந்தக் கூரிக் பேட்டியின் காணொளி இணையத்தில் இன்னும் கிடைக்கிறது. உங்கள் மருமகனோடு சேர்ந்து பாருங்கள். கூரிக் கேள்வி கேட்டு முடித்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, அவன் என்ன பதில் சொல்வான் என்று கேளுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்