உண்மையைத்தான் எழுதினேன், ஆனா மானநஷ்ட நோட்டீஸ் வந்திருக்கு, பயப்படணுமா?

பயப்படாதீங்க, ஆனா அலட்சியமாவும் விட்டுடாதீங்க. நான் வக்கீல் இல்ல, பட்டவன்.

பழைய கம்பெனியில மாசாமாசம் சம்பளத்துல பிஎஃப் பிடிச்சாங்க, பேஸ்லிப்ல தெளிவா இருக்கு, பாஸ்புக்கைத் திறந்து பார்த்தா 7 மாசத்துக்கு ஒரு என்ட்ரி கூட இல்ல. கேட்டுக் கேட்டு அலுத்துப் போய் ஃபேஸ்புக்ல எழுதினேன், கடைசி வரியில "திருட்டுக் கம்பெனி"ன்னு போட்டுட்டேன். பத்தே நாள்ல 50 லட்சம் கேட்டு நோட்டீஸ், கூடவே கிரிமினல் கேஸும் போடுவோம்னு மிரட்டல்.

வக்கீல் படிச்சுட்டு அந்த ஒரு வார்த்தை மேல பேனாவை வச்சார். "தம்பி, மத்ததுக்கெல்லாம் பேப்பர் இருக்கு. திருட்டுன்னு எந்தக் கோர்ட்டும் சொல்லலையே, இதுக்கு என்ன காட்டுவ?" அப்பதான் புரிஞ்சுது. சிவில் கேஸ்ல உண்மைன்னு நிரூபிச்சாப் போதும், கிரிமினல்ல (முன்னாடி இந்தியத் தண்டனைச் சட்டமான ஐபிசியில 499, 500ஆவது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 356ஆவது பிரிவு) உண்மையா இருந்தா மட்டும் பத்தாது, பொது நன்மைக்காகச் சொன்னதுன்னும் காட்டணும். தண்டனை 2 வருஷம் வரைக்கும் போகலாம்.

உடனே "அப்போ யார் மேல வேணும்னாலும் சேறு பூசலாமா"ன்னு கமெண்ட்ல வராதீங்க, நான் அப்படிச் சொல்லல. பொய் சொல்லி ஒருத்தர் பேரைக் கெடுத்தா நஷ்டஈடு வாங்கட்டும், நியாயம்தான். ஜெயில் எதுக்குங்கிறதுதான் என் கேள்வி. சுப்பிரமணியன் சுவாமி கேஸ்ல 2016ல சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு, எனக்கு இன்னிக்கும் அதுல உடன்பாடு இல்ல. அதே கோர்ட்தான் 1994ல நக்கீரன் கேஸ்ல, அதிகாரிங்க பண்ற அரசாங்க வேலையை விமர்சிச்சா, சொன்னது பொய், அதுவும் பொய்னு தெரிஞ்சோ உண்மையான்னு பார்க்கவே பார்க்காமலோ சொன்னதுன்னு நிரூபிச்சாத்தான் நஷ்டஈடுன்னு சொல்லுச்சு. அந்தப் பாதுகாப்பு, தனியார் முதலாளியைக் கேள்வி கேட்கிற தொழிலாளிக்குக் கிடைக்கல.

நோட்டீஸை விட வலிச்சது கூட வேலை பார்த்தவங்கதான். அவங்க பணமும்தானே போச்சு? போஸ்ட்டுக்கு ராத்திரி ஒரு மணிக்கு லைக் போட்டாங்க, சாட்சிக்கு வர்றீங்களான்னு கேட்டதும் ஒருத்தர் கூட போனை எடுக்கல. அந்த லைக்கையும் எடுத்துட்டாங்க.

நீங்க எழுதினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, ஆதாரத்தைத் தேதி வாரியா அடுக்குங்க, கோபத்துல அவங்களுக்கு நேரா மெசேஜ் எதுவும் அனுப்பாதீங்க, வக்கீல் மூலமாவே பதில் போகட்டும். நான் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட்டு, பாஸ்புக் பிரிண்டோட பதில் அனுப்பினேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. சிவில் கேஸ் போட ஒரு வருஷம்தான் டைம், அது தாண்டிடுச்சு. கிரிமினலுக்கு 3 வருஷம்ங்கிறதால ஃபைலை இன்னும் பீரோலதான் வச்சிருக்கேன்.