விபத்துப் பழுதுபார்ப்புக்குப் பின் டர்போ அழுத்தம் குறைந்தால் எங்கே தேடுவது?

முன்பக்க மோதலுக்குப் பின் பம்பரும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் மாற்றப்பட்ட உங்கள் கார், சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் நுழையும்போது வேகமெடுக்கவில்லை என்றும், இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவையே மாற்ற வேண்டுமெனப் பட்டறையில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு இசையாதீர்கள். மோதலுக்கு முன் நன்றாக உழைத்த டர்போவைவிட, பழுதுபார்க்கும்போது கழற்றிப் பூட்டப்பட்ட இணைப்புகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காரின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0299 (P0299) என்ற குறியீடு தெரிந்தால், எதிர்பார்த்த அழுத்தம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அது டர்போ பழுதடைந்ததற்குச் சான்றாகாது. இயந்திரத்தை அணைத்து, சாவியை மட்டும் திருப்பிய நிலையில், கடல் மட்டத்தை ஒட்டிய சிங்கப்பூரில் அழுத்த உணரி ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அந்த அளவு சரியாக இருந்து, முழு வேகமுடுக்கத்திலும் அதைவிடச் சற்றே உயர்ந்தால், காற்று எங்கோ கசியலாம் அல்லது டர்போ முறையாகக் கட்டுப்படுத்தப்படாமல் இருக்கலாம்.

கசிவைக் கண்டறிய, குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் புகைச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். இன்டர்கூலரின் இருமுனைக் குழாய்களில் கவ்வி சரியாக அமர்ந்திருக்கிறதா, ரப்பர் வளையம் நசுங்கியிருக்கிறதா, மாற்றிய இன்டர்கூலரின் ஓரத்தில் விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். முடுக்கும்போது சீறும் ஒலி கேட்டால் ஐயம் வலுக்கும். கசிவே இல்லையெனில், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டுக்குச் செல்லும் மெல்லிய குழாயையும் உணரியின் மின்இணைப்பையும் சோதிக்கலாம்.

காப்பீட்டின் வழி செய்த பழுதுபார்ப்பு என்றால், சோதனை முடிவை எழுத்தில் பெற்று, புதிய செலவுக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவியுங்கள்.