கோத்தகிரில 'ஓல்ட் மேன் ஆஃப் தி ஆண்டிஸ்' கேக்டஸ் அடியில பழுப்பாகுது, காப்பாத்த முடியுமா?

கேள்வி: ஐயா, கோத்தகிரில சின்னதா கேக்டஸ் நர்சரி வச்சிருக்கேன். 'ஓல்ட் மேன் ஆஃப் தி ஆண்டிஸ்'னு சொல்ற, உடம்பு பூரா வெள்ளை முடி இருக்கிற ஓரியோசீரியஸ் செல்சியானஸ் கன்னு கொஞ்சம் வாங்கினேன். உயர்ந்த மலையில வளர்ற செடிதானே, நம்ம ஊருக்கு ஒத்துக்கும்னு கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) கலவையில நட்டு வெளியிலயே வச்சுட்டேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் அடியில பழுப்பாகுது, மேல இருக்க வெள்ளை முடியும் கருத்துப் போச்சு. என்ன பண்றது?

பதில்: தம்பி, மலைச்செடிங்கறது வாஸ்தவம்தான், ஆனா அந்த மலை வேற உங்க மலை வேற. இது தென் அமெரிக்காவுல பொலிவியாவோட தென்பகுதி, அர்ஜென்டினாவோட ஜுஜுய், சால்டா பக்கம் ஆண்டிஸ் மலையில கிட்டத்தட்ட 3000 மீட்டர் உயரத்துல பாறை சரிவுல வளர்றது. அங்க பகல்ல வெயில் சுள்ளுனு அடிக்கும், ராத்திரி உறைபனி விழும், அந்த வெயிலுக்கும் குளிருக்கும்தான் உடம்பு பூரா முடி. ஆனா மழை ரொம்ப கம்மி. ஜுஜுய்ல உமாவாக்கா பள்ளத்தாக்குல வருசம் பூரா பெய்யறதே 200 மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே, அதுவும் கோடையில மட்டும்தான், குளிர்காலம் எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கும். உங்களுக்கு வடகிழக்கு பருவமழை நல்லா பிடிச்சா ஒரே வாரத்துல அவ்வளவும் கொட்டிரும், கூடவே மூடுபனி வேற, முடி எப்ப காயறது? குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தா இந்த செடி தாங்காது.

முதல்ல அடிப்பகுதிய கட்டைவிரலால அழுத்தி பாருங்க. கெட்டியா, பட்டை மாதிரி காஞ்சு இருந்தா அது வயசுக்கு வர்ற பழுப்பு, விட்டுருங்க. மெத்துன்னு அமுங்கினா அழுகல், அதுக்கு மருந்து ஊத்தி பிரயோஜனம் இல்ல, வெட்டித்தான் ஆகணும். ஸ்பிரிட்ல துடைச்ச கத்தியால கீழ இருந்து வில்லை வில்லையா வெட்டிட்டு போங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய துடைக்கணும். நடுவுல ஒரு வளையம் தெரியும் பாருங்க, அதுல பழுப்பு புள்ளி ஒண்ணு கூட இல்லாம சுத்தமா பச்சையும் வெள்ளையுமா வர்ற வரைக்கும் வெட்டணும், ஐயோ செடி குட்டையாகுதேன்னு பாதில நிறுத்தினா திரும்பவும் ஏறிரும். காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கற பூஞ்சண மருந்து தூள் தடவி, நிழல்ல நிமித்தி வச்சு வெட்டுவாய் நல்லா காஞ்சப்புறம் புது கலவையில வைங்க.

கலவைனு சொன்னா கோகோபீட்ட இந்த செடிக்கு மறந்துருங்க. உடைச்ச செங்கல், தூசி போக கழுவின சிப்ஸ் ஜல்லி, ஆத்து மணல் இதெல்லாம் சேர்ந்து மூணு பங்கு, நல்லா மக்கின எரு ஒரு பங்கு போதும். மழை படாத மாதிரி மேல மட்டும் யூவி ஷீட் போட்டு பக்கவாட்டு எல்லாம் திறந்து விடுங்க, காத்து ஓடணும். ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் தண்ணிய நிறுத்திடலாம். கோடையில தொட்டி அடி வரைக்கும் காஞ்சப்புறம் முழுசா நனைய விடுங்க, தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்கிற வேலையே வேண்டாம்.

முடி கருத்தது பெரும்பாலும் ஈரத்துல வந்த பூஞ்சணம்தான், ஆனா எறும்பு ஏறி இறங்குதானு பாருங்க. ஏறினா உள்ள மாவுப்பூச்சி இருக்கும். வெள்ளை முடிக்குள்ள வெள்ளை பூச்சி, எங்க தெரியும்? பல்குச்சியால முடிய விலக்கி சந்தேகப்பட்டதை நசுக்கி பாருங்க, முடின்னா நூலாவே இருக்கும், பூச்சின்னா பிசுபிசுன்னு சாறு வரும். இருந்தா இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்எல்ங்கற பூச்சிமருந்தை லிட்டர் தண்ணிக்கு அரை மில்லி கலந்து வேர்லயும் ஊத்துங்க, வேர்லயும் அது ஒளிஞ்சிருக்கும்.

ஒண்ணு மட்டும் உங்களுக்கு சாதகம். இந்த இனம் ராத்திரிலதான் மூச்சுத்துளைய திறந்து கார்பன் டை ஆக்ஸைடு இழுக்கும், ராத்திரி குளுகுளுன்னு இருந்தாதான் நல்லா வளரும். கீழ சமவெளில இருக்கறவங்களுக்கு அது கிடைக்காது, அதனால விட்டுராதீங்க.

வெட்டி மிஞ்சின நுனி ரொம்ப சின்னதா இருந்தா டிராகன் ஃப்ரூட் தண்டுல ஒட்டு கட்டி பாருங்க. வேலியில நிக்கிற சதுரக்கள்ளியில கட்டிராதீங்க, பாக்க தூண் மாதிரி இருந்தாலும் அது பால் வர்ற வேற குடும்பம், ஒட்டவே ஒட்டாது.