மெனுவில் நின்றாலே கார்டு கொதிக்கிறதே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆட்டத்துக்குள் நுழையும் முன்பே, மெனுத் திரையிலேயே கிராபிக்ஸ் கார்டின் விசிறி இரைகிறது. உள்ளே போனால் கொஞ்சம் அடங்குகிறது. கார்டில் கோளாறா?

பதில்: அநேகமாக இல்லை. மெனுவில் வரைய வேண்டியது கொஞ்சம்தான். வரம்பு எதுவும் இல்லாவிட்டால் கார்டு அதையே நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வரைந்து தள்ளும். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். மிச்ச உழைப்பெல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். கூடவே 'கீ...' என்று மெல்லிய ஒலி கேட்டால் அது விசிறி அல்ல, கார்டின் காயில்கள் (கம்பிச் சுருள்கள்) அதிர்வது. ஃபிரேம் ரேட் (நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) இறங்கினால் பெரும்பாலும் அதுவும் அடங்கிவிடும்.

இது பழைய வியாதி. 2010இல் 'ஸ்டார்கிராஃப்ட் 2' வந்தபோது இதே புகார் கிளம்பியது. செட்டிங்ஸ் கோப்பில் இரண்டு வரி சேர்த்து மெனுவை 30க்கும் ஆட்டத்தை 60க்கும் கட்டிவைக்கச் சொன்னது அதைத் தயாரித்த பிளிஸார்ட். 2021 ஜூலையில் 'நியூ வேர்ல்ட்' சோதனைப் பதிப்பை ஓட்டிய சிலரின் ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் செத்தே போயின. ஆட்டத்தைத் தயாரித்த அமேசான் உடனே மெனுவுக்கு வரம்பு போட்டது. ஆனால் தான் தயாரித்து, செத்துப்போன கார்டுகளில் சால்டரிங் குறை இருந்ததாக இவிஜிஏ நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆக, நல்ல கார்டை மெனு கொல்லாது. ஏற்கெனவே பலவீனமாக இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: வரம்பை எங்கே, எத்தனையில் வைப்பது?

பதில்: முதலில் ஆட்டத்தின் கிராபிக்ஸ் செட்டிங்ஸிலேயே 'ஃபிரேம் ரேட் லிமிட்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் முதல் தேர்வு. ஆட்டமே காத்திருந்துவிட்டுப் பிறகு மவுஸ் அசைவைப் படிப்பதால் தாமதம் மிகக் குறைவு.

இல்லையென்றால் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்', அதில் 'புரோகிராம் செட்டிங்ஸ்', ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்'டை ஆன் செய்து, எண்ணைக் கொடுத்து, 'அப்ளை' அழுத்துங்கள். இந்த வசதி 2020 ஜனவரி டிரைவரில்தான் வந்தது. காணவில்லை என்றால் உங்கள் டிரைவர் பழசு. ஏ.எம்.டி. கார்டுக்கு அட்ரினலின் மென்பொருளில் 'ரேடியான் சில்' இருக்கிறது. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள். எந்த கார்டாக இருந்தாலும் ரிவாடியூனர் என்ற மென்பொருள் வேலை செய்யும்.

மூன்றில் ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டு இடத்தில் வைத்தால் ஒன்றோடொன்று மோதி, படம் விட்டுவிட்டு நகரக்கூடும்.

எண் எது? சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 60. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) உள்ள மானிட்டருக்கு அதன் ஹெர்ட்ஸில் மூன்றைக் கழியுங்கள்: 144 என்றால் 141. விளிம்பைத் தொட்டால் வி-சிங்க் (திரை படத்தை மாற்றும் வரை ஃபிரேமைக் காக்க வைக்கும் வசதி) தலையிட்டு, மவுஸ் அசைவு தாமதமாகத் தெரியும்.

சூடு எப்படிக் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 150 ஃபிரேம் தரக்கூடிய கார்டு ஒரு ஃபிரேமைச் சுமார் 6.7 மில்லிசெகண்டில் முடிக்கும். 60 போதும் என்றால் அதற்கு 16.7 மில்லிசெகண்ட் அவகாசம். மீதி 10 மில்லிசெகண்ட் ஓய்வு. ஓய்வு கூடினால் கார்டு கிளாக் வேகத்தைக் குறைக்கும், அதோடு வோல்டேஜும் இறங்கும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வாட் மளமளவென்று சரியும். விசிறி வேகத்தைக் கூட்டுவது இதற்கு ஈடாகாது. விசிறி சூட்டைக் கார்டிலிருந்து அறைக்குத் தள்ளும், அவ்வளவுதான். கார்டு 200 வாட் இழுத்தால், சித்திரை மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு 200 வாட் ஹீட்டரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கேள்வி: 60 வைத்தும் 84 டிகிரி. ஒரு டிகிரிகூட இறங்கவில்லையே?

பதில்: எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 'ஜி.பி.யு. யூசேஜ்' (கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்பது) பாருங்கள். 97, 98 சதவீதம் என்று நின்று, ஃபிரேம் 60ஐத் தொடாமல் 50, 55இல் தவித்தால், வரம்பு வேலையே செய்யவில்லை. எட்டாத உயரத்தில் கூரை போட்டு என்ன பயன்? நிழல், ரே டிரேசிங், ரெசல்யூஷன் ஆகியவற்றைக் குறையுங்கள். அல்லது வரம்பை 45க்கு இறக்குங்கள்.

அதே ஆஃப்டர்பர்னரில் 'பவர் லிமிட்'டை 80 சதவீதத்துக்கு இழுத்துப் பாருங்கள். மின்செலவு குறையும் விகிதத்துக்கு வேகம் குறையாது. பல லேப்டாப்களில் இது பூட்டப்பட்டிருக்கும்.

யூசேஜ் 50 சதவீதம்தான், வாட்டும் குறைவு, ஆனாலும் 84 என்றால் குற்றவாளி ஃபிரேம் அல்ல. ஹீட்சிங்கில் தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட், அல்லது கேபினட்டுக்குள் காற்று வராமை. தூசியை ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

கேள்வி: வி-சிங்க் போட்டாலே போதாதா?

பதில்: சூட்டுக்குப் போதும். சுடும் ஆட்டங்களில் மவுஸ் பின்தங்குவதைத்தான் பொறுக்க முடியாது. நிதானமான ஆட்டம் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: லேப்டாப் திரை 120 ஹெர்ட்ஸ். கார்டு 50 ஃபிரேமைத் தாண்டவில்லை. 30 வைத்தால் இழுவையாக இருக்கிறது.

பதில்: 40 வையுங்கள். 120இல் மூன்றில் ஒரு பங்கு என்பதால், வி-சிங்க்கும் சேர்ந்திருந்தால், ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று சுற்று திரையில் நிற்கும். நடை சீராக இருக்கும். ஃபிரேமுக்கு 25 மில்லிசெகண்ட். இது 30இன் 33.3க்கும் 60இன் 16.7க்கும் நட்ட நடுவே விழுகிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் 40 வகுபடாது, அங்கே 48. லேப்டாப்பில் பிராசஸருக்கும் கார்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஹீட்பைப் என்பதால் கார்டு ஆறினால் பிராசஸரும் மூச்சுவிடும். பேட்டரியில் மட்டும் 30க்கு மேல் ஏறவில்லை என்றால் அது என்விடியாவின் 'பேட்டரி பூஸ்ட்' தானாக வைக்கும் வரம்பாக இருக்கலாம். சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.