ஊட்டியில் காலையில் காரின் பேட்டரி இறங்கிவிட்டால், சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாமா?

வேண்டாம். உதகையில் வசிப்பவனாக மன்றாடிக் கேட்கிறேன். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் இரண்டொரு மிதியிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் உதவாது. கீழே கொண்டைஊசி வளைவு, உள்ளே குழந்தைகள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி உருட்டினாலும் கிளம்பாது.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் உறைபனியில் புல்வெளியே வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் பேட்டரியின் வலு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். சமவெளியில் தள்ளாடிக்கொண்டிருந்த பேட்டரி இங்கே படுத்துவிடுவது இதனால்தான். சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வந்து, விளக்கும் மங்கினால் பெரும்பாலும் பேட்டரிதான். இன்ஜின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். அப்போது ஜம்பர் கேபிள், அதாவது வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கிளப்ப உதவும் கம்பி, பயன்படாது.

பேட்டரிதான் என்றால் அந்தக் கேபிளே வழி. கார் பேட்டரி 12 வோல்ட், உதவ வருகிற வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். விடியற்காலையில் கேரட் ஏற்றப் போகும் லாரிக்காரர்கள் கேட்காமலே நிறுத்தி உதவுவார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் பெரிய லாரிகளில் 24 வோல்ட். அதிலிருந்து காருக்கு மின்சாரம் எடுக்கவே கூடாது. ஹைபிரிட், மின்சார வண்டிகளையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் பேட்டரி உப்பியோ விரிசல் விட்டோ கசிந்தோ இருந்தால் கேபிளைத் தொடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சிவப்புக் கேபிளின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டுங்கள். அதன் மறுமுனையை மட்டும் இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள்.

இந்தக் கடைசி முனையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். பொறி அதன் பக்கத்தில் விழுந்தால் பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். குளிருக்குப் பீடி பற்றவைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பவரைத் தயங்காமல் விலக்குங்கள். உங்கள் முகத்தையும் பேட்டரிக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

நல்ல வண்டியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு உங்கள் வண்டியைக் கிளப்புங்கள். ஒரு முறைக்குச் சில விநாடிகளுக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள். கிளம்பியதும் மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள்: இரும்பிலிருக்கும் கறுப்பு முனை முதலில். உடனே அணைக்காமல் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

மறுநாள் காலையும் இதே கதை என்றால் பேட்டரி பெரும்பாலும் ஆயுள் முடிந்தது. பழைய பேட்டரியோடு மலையேறுபவர்கள் மேட்டுப்பாளையத்திலேயே அதைச் சோதித்துக்கொள்ளலாம். கேபிள் வாங்கினால் தடித்த கம்பியாகப் பாருங்கள், மெல்லியது சூடாகி உருகும்.