தம்பிக்குத் தெரியாமல் பொடி கலக்கலாமா?

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். சனிக்கிழமை வாங்கும் சம்பளம் ஞாயிறு ராத்திரிக்குள் காலி. இப்போதெல்லாம் எழுந்ததும் கை நடுங்குகிறது, கொஞ்சம் ஊற்றினால்தான் பல்லே துலக்க முடிகிறது. மனைவி குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் கடனை நான்தான் அடைக்கிறேன். என் கம்மல் அடகில் இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பொடி வந்தது, 3,500 ரூபாய். அம்மா வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? இல்லை, ஒரு வாரம் ரூமில் பூட்டி வைத்தால் விட்டுவிடுவானா?
- பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்: இரண்டுமே வேண்டாம் சகோதரி.

என் அண்ணனை அப்படித்தான் பூட்டி வைத்தோம். அப்போது நான் நர்சிங் முதல் வருஷம். எனக்கே விவரம் தெரியவில்லை. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது, கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். மூன்றாம் நாள் ராத்திரி வேட்டியிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். "எறும்பும்மா, தட்டி விடும்மா" என்றான். எறும்பே இல்லை. அம்மா விடிய விடிய அந்த வெறும் வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் முதல் 2 நாளில் ஃபிட்ஸ் வரலாம். அதையடுத்து 4-ம் நாளுக்குள் புத்தி தடுமாறலாம். உயிரே போகலாம். அதனால் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். இவர்களுக்கு தயமின் என்ற வைட்டமின் ஊசி போட்ட பிறகுதான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். வார்டில் நான் கண்ணால் பார்த்தது இது.

பொடிக்கு வருகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவர் சொல்வதில்லை. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் என்று நிஜமாகவே ஒரு மாத்திரை இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கும். அதனால் டாக்டர்கள் இதயத்தையும் கல்லீரலையும் சோதித்து, நோயாளி சம்மதித்தால் மட்டுமே கொடுப்பார்கள். அந்தப் பொடியில் இதுவே இருந்து, அவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால், அவன் வழக்கம்போல் கடைக்குப் போய் ஒரு குவாட்டர் போட்டுவிட்டு நடுரோட்டில் சாய்வான். அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், பாவம், பிள்ளை பிழைத்தால் போதும் என்றுதான் கேட்கிறார்.

கடனை அடைப்பதை நிறுத்துங்கள். மனசு கேட்காது, தெரியும். நானும் அண்ணனுக்காக மூன்று வருஷம் சீட்டுப் பணம் கட்டினேன். அவனுக்குச் சாப்பாடு போடுங்கள், ஆஸ்பத்திரிக்குச் செலவழியுங்கள், கையில் காசு மட்டும் கொடுக்காதீர்கள். போதையில் இருக்கும்போது பேசுவது வீண். தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, அழாமல், "நீ வந்தால் நானும் கூட வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரே தடவையில் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். என் அண்ணன் இரண்டு தடவை திரும்ப விழுந்து, மூன்றாம் தடவைதான் நின்றான்.

போதை மீட்புக்கு 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. உங்கள் மனசு உடைந்துபோனால் டெலி மானஸ், 14416, தமிழிலேயே பேசலாம். குடிநோயாளிகளின் வீட்டாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. தம்பி வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கம்மல் விஷயத்தை இந்த வாரமே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது ஆட்டோவில் அவனுக்கு இந்தப் பக்கம் நீங்கள் என்றால், அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார வேண்டும்.