வின்செஸ்டர் 1885 ஒற்றைத் தோட்டா ரைஃபிளை ஏன் நிறுத்தினார்கள்?

"அவ்வளவு உறுதியான, குறி தப்பாத வேட்டைத் துப்பாக்கி என்கிறார்கள். அப்புறம் ஏன் 1920இல் தயாரிப்பை நிறுத்தினார்கள்? அதில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு எதுவும் கிடையாது. அதை உருவாக்கிய ஜான் பிரௌனிங் அடுத்த பதினைந்து வருடங்களில் வடிவமைத்துக் கொடுத்த மற்ற துப்பாக்கிகள் அதன் வேலையை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டன. மிச்சத்தை முதல் உலகப் போர் முடித்துவைத்தது.

நான் கோவையில் லேத் பட்டறையில் தொழில் பழகியவன். இப்போது அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. வேட்டைக்குப் போனதில்லை. இந்த ரைஃபிள் எனக்கு அறிமுகமானது பக்கத்து வீட்டுப் பெரியவர் மூலமாகத்தான். அவருடைய தாத்தா பண்ணையில் முயலுக்கும் கொயோட்டி என்ற காட்டு நாய்க்கும் வைத்திருந்த 1885 அவரிடம் இருக்கிறது. உள்ளே தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை திறந்து காட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். லீவரைக் கீழே தள்ளினேன். ஒரு எஃகுக் கட்டை செங்குத்தாக இறங்கியது. சுத்தியும் அதோடு சேர்ந்து இறங்கியது. குழலின் பின்வாய் திறந்துகொண்டது. அங்கே விரலால் ஒரு தோட்டாவை வைத்து லீவரை மேலே இழுத்தால் கட்டை ஏறி வாயை அடைத்துக்கொள்ளும். மொத்த இயக்கமும் இவ்வளவுதான். நூறு வருடத்துக்கு மேல் ஓடிய பொருள், ஆனால் கட்டையில் துளி ஆட்டம் இல்லை, உரசலும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று ஆட்டமில்லாமல் வழுக்கும் ஸ்லைடிங் ஃபிட் பிடிக்க அரத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று புரியும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரமே ஆக்டனுக்குப் போனேன். அங்கே பழைய ரயில் நிலையத்துக்குள் பிரௌனிங் துப்பாக்கி அருங்காட்சியகம் இருக்கிறது. பிரௌனிங் பிறந்து வளர்ந்தது அந்த ஊரில்தான். அப்பா ஜோனதனும் துப்பாக்கிக் கொல்லர். மகன் இந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிளை யோசித்துச் செய்தபோது வயது 23. 1879 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது, அவர் வாங்கிய முதல் காப்புரிமை அது. தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு சொந்தப் பட்டறையில் சுமார் 600 ரைஃபிள்கள் செய்து விற்றார். அதில் ஒன்று வின்செஸ்டர் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் கண்ணில் பட, அதை வாங்கி, கம்பெனி இருந்த நியூ ஹேவனுக்கு அனுப்பிவிட்டார். 1883இல் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த டி.ஜி. பென்னட் நேராக ரயிலேறி ஆக்டனுக்கு வந்து, உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு போனார்.

அவ்வளவு பெரிய கம்பெனி ஏன் இத்தனை தூரம் வர வேண்டும்? அவர்களிடம் அப்போது இருந்தவை 1873, 1876 மாடல் லீவர் ரிபீட்டர்கள், அதாவது பல தோட்டாக்களை உள்ளே வைத்து, லீவரை ஆட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் ரைஃபிள்கள். அவற்றின் இயக்கம், ராணுவம் பயன்படுத்திய .45-70 போன்ற நீளமான, வலுவான தோட்டாவுக்கு ஏற்றதில்லை. பெரிய விலங்கு வேட்டைக்காரர்கள் ஷார்ப்ஸ் போன்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களைத்தான் வாங்கினார்கள். பிரௌனிங்கின் கட்டையோ எஃகுச் சுவர்களுக்கு நடுவே பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும், எந்தத் தோட்டாவையும் தாங்கும். அந்தச் சந்தைக்குள் நுழைய வின்செஸ்டருக்கு அதுதான் கதவு.

ஆனால் அதே பேச்சுவார்த்தையில் பிரௌனிங் கைவசம் இன்னொரு யோசனையும் இருந்தது, .45-70ஐத் தாங்கும் லீவர் ரிபீட்டர். அதையும் வின்செஸ்டர் வாங்கியது. ஒற்றைத் தோட்டா ரைஃபிள் 1885இல் கடைக்கு வருகிறது, அந்த ரிபீட்டர் 1886 என்ற பெயரில் மறு வருடமே வருகிறது! பெரிய தோட்டாவுக்கு இதுதான் வேண்டும் என்று சொல்லும் தகுதி 1885க்கு ஏறக்குறைய ஒரே வருடம்தான் இருந்தது. இந்த விஷயம் எனக்கு உறைத்தபோது, காட்சிப்பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்கப்புறமும் அது 35 வருடம் தாக்குப்பிடித்தது என்றால் காரணம் அதன் பரப்பு. .22இல் தொடங்கி .50 வரை எத்தனையோ தோட்டா அளவுகளுக்குச் செய்தார்கள், 20 போர் ஷாட்கன்கூட வந்தது. பெரிய தோட்டாவுக்கு உடலின் பக்கச் சுவர்கள் உயரமாக இருக்கும், அது ஹை வால் (ஆங்கிலத்தில் 'வால்' என்றால் சுவர்). சின்னத் தோட்டாவை விரலால் வைக்க இடம் வேண்டும் என்று சுவரைத் தாழ்த்தி வெட்டியது லோ வால். பெரியவர் வீட்டில் இருப்பது லோ வால்தான். கருமருந்துக் காலத்தில் பிறந்த வடிவம், புகையில்லா வெடிமருந்து வந்தபோது .30-40 கிராக் என்ற ராணுவத் தோட்டாவையும் ஹை வால் தாங்கியது.

ஆனால் இரண்டு பக்கமும் அரித்துக்கொண்டே வந்தது. மான் வேட்டைக்காரர்களை 1894 ரிபீட்டர் இழுத்துக்கொண்டது. எடை குறைவு, குதிரைச் சேணத்தில் செருகிக்கொள்ளலாம், முதல் குண்டு தப்பினால் அடுத்தது தயார். புது ராணுவத் தோட்டாக்களுக்குப் பெட்டி மேகஸின் வைத்த 1895 வந்தது. சின்ன .22க்கு 1890இல் பம்ப் ரிபீட்டர், 1900இல் பையன்களுக்கான மலிவு விலை ஒற்றைத் தோட்டா போல்ட் ரைஃபிள், அதாவது பின்வாயைத் தாழ்ப்பாள் மாதிரி கைப்பிடியால் திறந்து மூடும் ரகம். இவை அத்தனையும் பிரௌனிங் வடிவமைத்துக் கொடுத்தவை. 1885 மொத்தம் விற்றது கிட்டத்தட்ட 1,40,000. 1894இன் பத்து லட்சமாவது ரைஃபிளை 1927இல் ஜனாதிபதி கூலிட்ஜுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதைத் தொடர்வது என்று கம்பெனிக் கணக்காளர் யோசித்திருக்கவே தேவையில்லை.

சரி, மிச்சம் இருந்த இடம் இலக்குப் போட்டி. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் ஷூட்ஸன் சங்கங்கள் வைத்திருந்தார்கள். நின்றபடியே 200 கஜ தூரத்து இலக்கைச் சுட வேண்டும். பீர், பாட்டு, குடும்பம் எல்லாம் சேர்ந்த திருவிழா மாதிரி. இந்தப் போட்டிக்கென்றே வின்செஸ்டர் தனி வகை 1885 செய்தது. உள்ளங்கையில் தாங்கிக்கொள்ள ஒரு பிடி, தோளில் மாட்டிக்கொள்ளும் வளைந்த அடிப்பக்கம், மூச்சுப் பட்டாலே இயங்கும் அளவுக்கு மென்மையான இரட்டை விசை. அருங்காட்சியகங்களில் எனக்குப் பிடித்தவை இந்த ரகத் துப்பாக்கிகள்தான். 1917இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியதும் ஜெர்மானியப் பெயர் கொண்ட எல்லாவற்றின் மேலும் வெறுப்பு பாய்ந்தது. சங்கங்கள் தளர்ந்தன. அந்தச் சந்தை பிறகு பழைய நிலைக்கு வரவேயில்லை.

அதே போரில் வின்செஸ்டர் லட்சக்கணக்கில் ராணுவ ரைஃபிள்கள் செய்துகொடுத்தது. அதற்காகத் தொழிற்சாலையைக் கடன் வாங்கிப் பெரிதாக்கினார்கள். போர் முடிந்ததும் கட்டடங்கள் காலி, கடன் மட்டும் தலைமேல். அந்தக் காலி இடத்தில் கத்தி, சறுக்குக்காலணி, குளிர்பெட்டி என்று வீட்டுச் சாமான்கள் செய்து சமாளிக்கப் பார்த்தார்கள். போரிலிருந்து திரும்பிய இளைஞர்களின் கைக்குப் பழகியிருந்தது போல்ட் ரைஃபிள். பின்னாளில், 1925இல், வின்செஸ்டரே மாடல் 54 என்ற போல்ட் வேட்டை ரைஃபிளைக் கொண்டுவந்தது. இந்தச் சூழலில், நிறைய மில்லிங்கும் கையால் பொருத்தும் வேலையும் கேட்கிற, குறைவாக விற்கிற ஒரு ரைஃபிளை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? 1920இல் நிறுத்தினார்கள். அப்படியும் கம்பெனி பிழைக்கவில்லை. 1931இல் திவாலாகி ஆலின் குடும்பத்தின் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கைக்குப் போனது.

நிறுத்தியது சரியா என்று கேட்டால், வியாபாரக் கணக்கில் சரிதான். மனசு ஒப்புக்கொள்ளவில்லை. என் பட்டறை முதலாளி சொல்வார், "பாகம் கம்மியா இருந்தா பழுதும் கம்மிடா தம்பி" என்று. அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை. துப்பாக்கிக் கொல்லர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். தயாரிப்பு நின்ற பிறகு பழைய ஹை வால் உடல்களைத் தேடித்தேடி வாங்கி, புதுக் குழல் மாட்டி, அதிவேகத் தோட்டாக்களுக்கு மாற்றினார்கள்.

இப்போது வாங்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1973இல் பிரௌனிங் பெயரிலேயே பி-78 என்று இதே வடிவம் திரும்ப வந்தது. 1985இல் மாடல் 1885 என்ற பழைய பெயரோடு வந்து 2001 வரை ஓடியது. 2005இலிருந்து வின்செஸ்டர் பெயரிலும் வந்தது. செய்தது ஜப்பானில் கோச்சி மாகாணத்து மிரோக்கு கம்பெனி, வேலை சுத்தம். ஆனால் நியூ ஹேவன் தொழிற்சாலையை 2006இல் மூடிவிட்டார்கள்.

உங்களிடமோ தெரிந்தவரிடமோ பழைய 1885 இருந்தால் ஒன்று செய்யுங்கள். வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. பெரும்பாலான 1885களுக்கு, வரிசை எண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினால் அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்ட குழலோடு, எந்தத் தேதியில் கிடங்கிலிருந்து கிளம்பியது என்று கடிதம் அனுப்புவார்கள். பெரியவருக்கு நான்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். எண்கோணக் குழல், .32-20 தோட்டா, சாதாரண விசை என்று பதில் வந்தது. கிளம்பிய தேதியைப் பார்த்தவர் உள்ளே போய்க் குடும்ப பைபிளை எடுத்து வந்தார். அதன் முதல் பக்கத்தில் தாத்தாவின் கல்யாணத் தேதி எழுதியிருந்தது. துப்பாக்கி அதற்கு ஏழு வாரம் முன்னால் கிளம்பியிருக்கிறது. கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே மடித்து வைத்துக்கொண்டார்.